தென்கிழக்கே ஒன்பது கிலோமீட்டர்

சுமலதா சென்னைக்குப் பயிற்சிக்குக் கிளம்பியது 2022 நவம்பர் பதினான்காம் தேதி, ஒரு திங்கட்கிழமை. சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு காவல் நிலையத்தில் அவர் முதல்நிலைக் காவலர். காலை ஒன்பது மணிக்கே பையோடு நிலையத்துக்கு வந்துவிட்டார். வேறு ஊருக்கு வேலையாகப் போகும் காவலருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அவர்கள் பேச்சில் அதற்குப் பாஸ்போர்ட் என்று பெயர். அதை வாங்கிக்கொண்டு அரூருக்குப் போய், பத்தரை மணித் திருவண்ணாமலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி வந்தவர். பெயர் சின்னக்கா. எழுத்தர் பச்சியப்பன் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். உள்ளே எழுதத் தெரிந்தவர் சுமலதா மட்டும்தான். பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"யாருக்கா காணோம்?"

"எங்கூட்டுக்காரருங்க. காளியன். சனிக்கெழம கடுக்கா மூட்டையோட எறங்கினவரு. வூடு திரும்பலீங்க."

"கோவிச்சிக்கினு எங்கனா போயிட்டாரா?"

"கோவிச்சிக்கறதுக்கு அவருக்கு வாய் வேணுமில்ல" என்றார் சின்னக்கா. "ஆடு மேய்க்கற சின்னராஜு பார்த்திருக்கான். அதுக்கப்புறம் யாரும் பாக்கல."

எங்கே பார்த்தான் என்று கேட்டதற்கு ஒரு பாறையின் பெயரைச் சொன்னார். சுமலதா கேள்விப்படாத பெயர். எந்த ஊர்ப் பக்கம் என்றால், எந்த ஊரும் இல்லை, மலைக்கும் ரோட்டுக்கும் நடுவில், நடந்து வந்தால் தெரியும் என்றார். சுமலதாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காகிதம் தேடாமல் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். அந்தப் பெயரையும் அப்படி எழுதிக்கொண்டார், எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று.

முதல் தகவல் அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. சம்பவ இடம் நிலையத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம். அதை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்கு விடாது. இடம் தெரியாதபோது என்ன போடுவது என்பதற்கு அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சேர்ந்த முதல் வாரமே பச்சியப்பன் சொல்லிக் கொடுத்திருந்தார்: "தெரியலைன்னா தென்கெழக்கே ஒம்போது போட்டுட்டுப் போம்மா. யாரு டேப் வச்சி அளக்கப் போறா."

சுமலதா தென்கிழக்கே ஒன்பது கிலோமீட்டர் என்று அடித்தார். சின்னக்காவிடம் கையெழுத்து வாங்கினார். பாஸ்போர்ட்டையும் பையையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் தக்காளி சோறு சாப்பிட்டுவிட்டு, குழாயடியில் டப்பாவைக் கழுவினார். கழுவி முடித்த பிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தார். நீலக் கறை மட்டும் இருந்தது. கடைசியில் 'பாறை' என்று இருந்தது நினைவிருந்தது. முன்னால் என்ன இருந்தது என்று பேருந்து முழுக்க யோசித்துக்கொண்டே சென்னை போய்ச் சேர்ந்தார்.

அந்தப் பயிற்சியில்தான் நான் அவரைச் சந்தித்தேன். எட்டு வருடம் வெவ்வேறு நாடுகளில் சுற்றிவிட்டு, நல்லம்பள்ளிக்குத் திரும்பி, ஓரிடத்தில் உட்கார முடியாமல் இருந்த சமயம். வெளியே கற்ற வரைபட வேலை கைவசம் இருந்ததால், குற்றப் பகுப்பாய்வு சொல்லிக் கொடுக்கும் ஒரு குழுவில் ஒப்பந்த வேலை கிடைத்தது. எட்டு வாரம் வகுப்பு, அதற்குப் பிறகு மூன்று மாதம் அவரவர் நிலையத்துக்கே போய் உதவி. அறிமுக நாளில் சுமலதா தன் பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மடித்த ஒரு தாள். என்னுடையதில் முத்திரை குத்த இடமில்லை.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மரவள்ளியும் மஞ்சளும் போடும் குடும்பம். கணவர் சத்யராஜ் அரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மகள் ஐஸ்வர்யா மூன்றாம் வகுப்பு. காக்கிச் சட்டை போட்ட பதினொரு வருடத்தில் பெரும்பாலும் செய்தது பாரா நிற்பதும் பந்தோபஸ்து நிற்பதும்தான். "நின்னே சர்வீஸ் முடிஞ்சிரும்னு நெனச்சேன் மேடம். உக்காந்து செய்யற வேலைன்னதும் பேர் குடுத்துட்டேன்" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு பாடம். அவரவர் நிலையத்தின் எட்டு வருட வழக்குகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைக்க வேண்டும். வைத்ததும் எல்லோருடைய திரையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ரோட்டை ஒட்டிப் புள்ளிகள், கடைவீதியில் கொஞ்சம், பேருந்து நிறுத்தத்தில் கொஞ்சம். சுமலதாவின் திரையில் அவையெல்லாம் இருந்தன. கூடவே, ரோடும் வீடும் இல்லாத ஒரு காட்டுச் சரிவில், ஒன்றின்மேல் ஒன்றாக நாற்பத்தேழு புள்ளிகள் குவிந்து ஒரே கறுப்பாகக் கிடந்தன. ஆடு திருட்டு, சங்கிலிப் பறிப்பு, காணாமல் போன பெண்கள், காணாமல் போன ஆண்கள்.

பக்கத்து இருக்கை ராஜாமணி எட்டிப் பார்த்தார். வேறு மாவட்டத்துக் காவலர், பெருத்த உடம்பு. "என்னக்கா, உங்க ஊர்த் திருடனுங்க எல்லாம் காட்டுக்குள்ள சங்கம் வச்சிருக்கானுங்களா? சந்தா எவ்ளோ?"

வகுப்பே சிரித்தது. சுமலதா சிரிக்கவில்லை. நான் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வெட்டுக்காயம். அதன் நடுவில் கண் மாதிரி ஒரு கறுப்பு. மேகத்தின் நிழலாக இருக்கும் என்று நினைத்தேன்.

மதியம் உணவுக்கூடத்தில் என் எதிரில் வந்து உட்கார்ந்து அந்த வழக்கத்தைச் சொன்னார். "அதுல ஒண்ணு நான் போட்டதுங்க மேடம். இங்க கெளம்பின அன்னிக்கு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் ஒன்றுமில்லை.

பச்சியப்பனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். காளியன் வழக்கில் யாராவது போய்த் தேடினார்களா என்று. "எங்கன்னு போயித் தேடறது? நீதான தென்கெழக்கே ஒம்போது போட்டிருக்க. இடம் தெரியாதுன்னுதான அர்த்தம்" என்றார் அவர். யார் இதை ஆரம்பித்தது என்றும் சுமலதா கேட்டார். "எனக்கு முந்தின ரைட்டர் கோவிந்தன் ஐயா சொல்லிக் குடுத்தாரு. அவரு செத்து ஆறு வருசம் ஆச்சு. போயிக் கேட்டுட்டு வா."

பொங்கலுக்குப் பிறகு சுமலதா ஊர் திரும்பினார். உதவி வேலைக்காக நானும் வாரம் இரண்டு நாள் அந்த நிலையத்துக்குப் போனேன். ஆய்வாளர் திருமால் நல்ல மனிதர், அவசரக்காரர். மாவட்டக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்ட வேண்டியிருந்தது.

"அந்தக் குப்பை மட்டும் அசிங்கமா இருக்கேம்மா. தட்டி விட்டுடு."

"நாப்பத்தேழு பேருங்க ஐயா."

"நாப்பத்தேழு தப்பு."

"தப்பு நம்முளுதுங்க ஐயா. அவுங்களுது இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணு வாரம் குடுங்க. ஒவ்வொருத்தரையா கேட்டு நகத்திடறேன்" என்றார்.

பிற்பகல்களில் ஒவ்வொருவராக அழைத்தார். நான் பக்கத்தில் இருந்து புள்ளியை நகர்த்தினேன். ஆடு பறிகொடுத்தவர் ஒருவர், ஆறு வருடம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்ததும், "ஆடு கெடச்சிருச்சா மேடம்? இந்நேரம் எத்தினி குட்டி போட்டிருக்கும்?" என்றார். ஓர் அம்மா, "எம்பொண்ணு அப்பவே வந்துட்டா. ரெண்டு புள்ளைங்க இருக்குது. இன்னுமா தேடறீங்க?" என்று சிரித்தார். ஆனால் பலர் கேட்டதும் இடத்தைச் சொன்னார்கள். எந்தப் புளியமரம், எந்தப் பாலம், எத்தனையாவது திருப்பம் என்று. நேற்று நடந்ததுபோல, தயாராக வைத்திருந்ததுபோல. காணாமல் போன ஒருவரின் எண்ணில் வேறு யாரோ எடுத்தார். "இது அவரு நம்பர் இல்லீங்க. ஆனா அவரைக் கேட்டு நெறைய போன் வருது. ஒரு கெழவி மாசா மாசம் பண்ணுது. நான் பேசறேன், வேற என்ன செய்யறது" என்றார்.

புள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. கறுப்பு வெளுத்து, சாம்பலாகி, பிப்ரவரி முதல் வாரம் ஒரே ஒரு புள்ளி மிஞ்சியது. காளியன். அதை அவர் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருந்தார் என்று எனக்குத் தெரியும். சின்னக்காவிடம் தொலைபேசி இல்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மலைப் பேருந்தில் போனோம். சின்னக்கா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பாதி அழிந்த பொட்டு. சுமலதாவைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. அந்தப் பாறை பேரு இன்னொரு தடவ கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சின்னக்கா முறத்தை வைத்தார். எழுந்து வந்து சுமலதாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இங்கதான எழுதின? நான் பாத்தேனே. அழிஞ்சி போச்சா?"

சுமலதா தலையைக் குனிந்துகொண்டார். காவலர் ஒருவர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"தெனமும் காலையில கண்ணாடி முன்னால நிக்கறேன்" என்றார் சின்னக்கா. "பொட்டு வைக்கறதா வாணாமான்னு தெரியல. வைச்சா ஊரு ஒரு மாதிரி பாக்குது. வாணாம்னு தொடச்சா எனக்கே பயமா இருக்குது, நானே அவரக் கொன்னுட்ட மாதிரி. செத்தாரா இருக்காரான்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் அன்னிக்கு வந்தேன்." பிறகு சொன்னார்: "கூகைப் பாறை. இப்ப எழுதிக்கினியா? வா, காட்டறேன். இன்னிக்கு நான் போற நாளுதான்."

ஒரு தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டார். ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் இறங்கினோம். உச்சிவெயில். முதலில் சில் வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. ஓரிடத்தில், கதவைச் சாத்தியதுபோல அந்தச் சத்தம் நின்றது. சின்னக்கா குனிந்து ஒரு கல்லை எடுத்து முன்னால் எறிந்துவிட்டு நடந்தார். எங்களையும் எறியச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "வரோம்னு சொல்லிட்டுப் போகணும்" என்றார்.

சுமலதா கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்திருந்தார். கூகைப் பாறையின் சரியான இடம் தெரிந்ததும் காளியனின் புள்ளியை அங்கே நகர்த்துவதாகத் திட்டம். நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி காட்டுக்குள் மெதுவாக ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் நடை தளர்ந்தது. கைபேசியை என்னிடம் நீட்டினார். நீலப் புள்ளி எங்கே போகிறது என்று பார்த்தேன். கைபேசியைத் திருப்பிக் கொடுக்காமலே நடந்தேன்.

மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தது. செங்குத்தாக அறுத்த கருங்கல் சுவர்கள். கீழே ஒரு பனைமர ஆழத்தில் தண்ணீர், அசையாமல், கறுப்பாக. என்றோ மூடிப்போன கல் குவாரி. வேலி இல்லை. நாங்கள் வந்த பாதை நேராக விளிம்பு வரை போய், அங்கே அறுந்து நின்றது.

"பாறை எங்கக்கா?" என்றார் சுமலதா.

"இங்கதான்."

"எங்க?"

சின்னக்கா கையைத் தூக்கி, குழிக்கு மேலே இருந்த வெறும் காற்றைக் காட்டினார். "அங்க. ஆன உசரம் இருந்துச்சி. எங்க மாமனார் காலத்துல பாதை அதுமேல ஏறி அந்தாண்ட எறங்கும். கல்லுக்காரனுங்க அறுத்து எடுத்துக்கினு போயிட்டானுங்க. பேரை யாரு எடுத்துக்கினு போறது? அது இங்கியே இருக்குது."

எந்த வரைபடத்திலும் அந்தப் பெயர் இல்லாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. கைபேசியில் நீலப் புள்ளி காளியனின் கறுப்புப் புள்ளியின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. நிலையத்திலிருந்து தென்கிழக்கே ஒன்பது கிலோமீட்டர்.

இடம் தெரியாதபோதெல்லாம் போட்ட இடம். பொய் என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடம். அதனால் யாரும் போய்ப் பார்க்காத இடம். அறிக்கையில் உண்மையான இடம் மூன்று மாதமாக எழுதப்பட்டே இருந்திருக்கிறது.

விளிம்பு ஓரமாக, கல் வைத்து அழுத்திய தேக்கிலைகள் வரிசையாகக் கிடந்தன. பன்னிரண்டு சனிக்கிழமைகள், பன்னிரண்டு இலைகள். மூன்று மாதத்துச் சோறு மணி மணியாகக் காய்ந்திருந்தது. காக்கை கொத்தவில்லை. எறும்புகூட இல்லை. சின்னக்கா பதின்மூன்றாவது இலையை வைத்துச் சோற்றைக் கொட்டினார்.

"எங்க ஆளுங்க காடு பூரா தேடிட்டாங்க. இந்தத் தண்ணியில மட்டும் எறங்க மாட்டாங்க. பாறை போன எடம். நீங்க வந்து எறங்குவீங்கன்னுதான் போலீசுக்கு வந்தோம்."

சுமலதா விளிம்பில் குந்தி உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தார். வெகு கீழே, கறுப்புத் தண்ணீரில் அவர் நிழல் சின்னதாகத் தெரிந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றார். சொன்னது சின்னக்காவிடமா கீழே பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

திருமால் அறிக்கையை இரண்டு முறை படித்தார். பிறகு அவரே தீயணைப்புத் துறைக்கு எழுதினார். மார்ச்சில் மூன்று நாள் தண்ணீரை இறைத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு சாக்கு வந்தது. உள்ளே கடுக்காய். அதன் பிறகு எலும்புகள். மூன்றாம் நாள், அடிச் சேற்றுக்கும் கீழே, கற்குவியலுக்குள், இன்னொருவரின் எலும்புகள் வந்தன. அவை மிகப் பழையவை, முப்பது வருடம் இருக்கலாம் என்றார் மருத்துவர். இரண்டையும் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சின்னக்காவிடம் சொல்லப்பட்டது. "இன்னும் கண்ணாடிதான்னு சொல்லு" என்றார் அவர்.

அந்த வாரம் முழுவதும் சுமலதா ஆவண அறையில் இருந்தார். கணினிக்கு முந்தைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் புரட்டினார். 2005, 1999, 1994. தென்கிழக்கே ஒன்பது என்ற வரி எல்லாவற்றிலும் அங்கங்கே இருந்தது, எல்லாம் கோவிந்தனின் நெருக்கமான கையெழுத்தில். 1991 பதிவேட்டில் முதல் வரி கிடைத்தது. ஆள் காணவில்லை. பெயர் மாதவராஜ், வயது பதினேழு, கல் குவாரிக்கு வேலைக்குப் போனவர். புகார் கொடுத்தவர் இரண்டாம்நிலைக் காவலர் கோவிந்தன். உறவு: அண்ணன். தேடியதாக ஒரு வரி இருந்தது. எங்கே தேடினார்கள் என்று இல்லை.

அதற்கு முந்தைய பதிவேடுகளில் அந்தத் தூரம் எங்குமே இல்லை.

தம்பியைத் தொலைத்த இடத்தைத்தான் அவர் பிறகு எழுத்தராகி, இடம் தெரியாத ஒவ்வொருவருக்கும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். கை பழகிப்போனதா, யாராவது ஒருநாள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கட்டும் என்றா, கேட்க அவர் இல்லை. சுமலதா அந்தப் பக்கத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, "முப்பது வருசமா சொல்லிக்கினே இருந்திருக்காரு மேடம்" என்றார். பிறகு வரைபடத்தில் அந்த இடத்தில் இன்னொரு புள்ளியைச் சேர்த்தார்.

என் மூன்று மாதம் முடிந்தது. நான் மறுபடி கிளம்பிவிட்டேன். சுமலதாவை மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றியதாகக் கேள்விப்பட்டேன். எழுத்தர்களுக்கு இப்போது அவர்தான் வகுப்பு எடுக்கிறாராம். இடம் தெரியாவிட்டால் புகார்தாரர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே எழுத வேண்டும் என்பதுதான் முதல் பாடமாம். உள்ளங்கையில் எழுதுவதை மட்டும் விட்டுவிட்டாராம்.

2024 ஆகஸ்டில், எலும்புகளை அனுப்பிப் பதினேழு மாதம் கழித்து, ஒரு பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் செய்தி வந்தது.

"மேடம், லேப் ரிசல்ட் வந்துடுச்சிங்க. மொதல் ஆளு காளியன்தான். யாரையும் அனுப்பல, நானே மலைக்குப் போயி சொன்னேன். சின்னக்கா மொறத்தக் கீழ வச்சாங்க. அப்புறம் கண்ணாடிகிட்டப் போயி அவுங்களே பொட்டத் தொடச்சாங்க. எனக்கு ஒரு வாய் சோறு போட்டாங்க. இந்தச் சனிக்கெழம வச்ச எலையக் காக்கா தொட்டுச்சாம். ரெண்டாவது ஆளு மாதவராஜ், கோவிந்தன் ஐயா பையன் ரத்தம் குடுத்தாரு, ஒத்துப்போச்சி. திருமால் ஐயா மேப்ப குளோஸ் பண்ணச் சொன்னாரு. பண்ணிட்டேன். எல்லாப் புள்ளியும் அதது எடத்துக்குப் போயிடுச்சிங்க மேடம். அந்த ரெண்டு மட்டும் அங்கியே இருக்குது. அதுங்கள யாரும் நகத்தாதீங்கன்னு எழுதி வச்சிருக்கேன்."